பங்கு வணிக முனைய மென்பொருள்

பங்கு வணிக முனைய மென்பொருள் என்பது பங்குகள், நாணயங்கள், கடன் பத்திரங்கள், எதிர்கால ஒப்பந்தங்கள் ஆகியவற்றின் விலைகளை உடனுக்குடன் திரையில் காட்டி, அவற்றை வாங்கவோ விற்கவோ ஆணையிட உதவும் மேசைக்கணினி மென்பொருள் ஆகும். தரகு நிறுவனங்கள், வங்கிகள், முதலீட்டு நிதியங்கள் ஆகியவற்றில் பணிபுரிவோரும், சொந்தமாகப் பங்கு வணிகம் செய்வோரும் இதனைப் பயன்படுத்துகின்றனர். பேச்சு வழக்கில் இது டிரேடிங் டெர்மினல் எனப்படுகிறது. கைப்பேசிச் செயலிகளும் இணையத்தளங்களும் பெருகிய பின்னரும், பல திரைகளில் நூற்றுக்கணக்கான விலைகளை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியவர்கள் மேசைக்கணினி மென்பொருளையே நாடுகின்றனர்.

இம்மென்பொருளை உருவாக்குவதில் உள்ள முதன்மையான சிக்கல் நேரம் ஆகும். சந்தை அமைதியாக இருக்கும்போது பெரும்பாலான மென்பொருள்கள் நன்றாகவே இயங்கும். விலைகள் திடீரெனச் சரியும்போதும் ஏறும்போதும் சந்தையிலிருந்து வரும் செய்திகள் பன்மடங்காகின்றன. பயனருக்கு மென்பொருள் மிகவும் தேவைப்படும் நேரமும் அதுவே. அப்போது திரை உறைந்துபோனாலோ, பழைய விலையைப் புதிய விலைபோலக் காட்டினாலோ, பயனர் தவறான முடிவெடுத்துப் பணத்தை இழக்க நேரிடும். எனவே இம்மென்பொருளின் தரம், சந்தை மிகவும் பரபரப்பாக இருக்கும் சில நிமிடங்களில் அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது.

வரலாற்றுப் பின்னணி

பங்கு விலைகளைத் தொலைவில் உள்ளோருக்கு உடனுக்குடன் தெரிவிக்கும் முதல் கருவி, 1867-ஆம் ஆண்டில் எட்வர்டு கலாகன் என்பவர் நியூயார்க்கில் அறிமுகப்படுத்திய 'டிக்கர்' எனப்படும் தந்திக் கருவி ஆகும். இது நீண்ட காகித நாடாவில் பங்கின் பெயரையும் விலையையும் அச்சிட்டது. இக்கருவியின் குறை 1929-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறத்தாழ 1 கோடியே 29 லட்சம் பங்குகள் கைமாறின. அச்சிடும் கருவியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. சந்தை மூடிய பின்னரும் பல மணி நேரம் அது அன்றைய விலைகளை அச்சிட்டுக்கொண்டே இருந்தது. தம் பங்குகளின் அப்போதைய விலை என்னவென்று தெரியாத முதலீட்டாளர்களிடையே அச்சம் மேலும் பரவியது. பழைய விலையைக் காட்டும் கருவியால் விளையும் கேட்டுக்கு இதுவே மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

1971-இல் அமெரிக்காவில் நாஸ்டாக் மின்னணு விலைப்பட்டியல் முறை தொடங்கியது. 1973-இல் ராய்ட்டர்ஸ் நிறுவனம் நாணய விலைகளைத் திரையில் காட்டும் 'மானிட்டர்' சேவையைக் கொண்டுவந்தது. 1980-களில் புளூம்பெர்க் முனையம் பரவியது. இந்தியாவில் 1994-ஆம் ஆண்டு நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை, பங்கு வணிகத்தைத் தொடக்கத்திலிருந்தே கணினித் திரை வழியாக நடத்தியது. செயற்கைக்கோள் இணைப்பின் மூலம் மும்பைக்கு வெளியே உள்ள நகரங்களின் தரகர்களும் அதே விலையைப் பார்த்து ஆணையிட முடிந்தது. மும்பைப் பங்குச் சந்தையும் 1995-இல் கூடத்தில் கூவி வணிகம் செய்யும் முறையை விட்டுக் கணினி முறைக்கு மாறியது. 2000-ஆம் ஆண்டில் இணையவழிப் பங்கு வணிகத்துக்குச் செபி அனுமதி அளித்தபின், வீட்டுக் கணினியிலும் முனைய மென்பொருள் இடம்பெறத் தொடங்கியது.

நேர அளவுகள்

ஒரு நொடியை ஆயிரம் கூறுகளாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு மில்லிநொடி ஆகும். முனைய மென்பொருளில் தாமதம் இந்த அலகால் அளக்கப்படுகிறது. கணினிக்கும் மனிதருக்கும் இடையிலான மறுமொழி நேரத்தை ராபர்ட் மில்லர் 1968-இல் ஆராய்ந்தார். பின்னர் யாக்கோப் நீல்சன் 1993-இல் இதனை மூன்று எல்லைகளாகத் தொகுத்தார்.

* 100 மில்லிநொடிக்குள் மறுமொழி கிடைத்தால், அது உடனே நிகழ்ந்ததாகப் பயனர் உணர்கிறார்.
* 1 நொடி வரை தாமதத்தை உணர்ந்தாலும், அவரது எண்ண ஓட்டம் தடைபடுவதில்லை.
* 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறிடம் செல்கிறது.

பெரும்பாலான கணினித் திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அதாவது ஒவ்வொரு 16.7 மில்லிநொடிக்கும் ஒரு புதிய படம் தோன்றுகிறது. இதைவிட விரைவாக விலையை மாற்றினாலும் அத்திரையில் அது தெரியாது.

தொலைவும் ஒரு காரணி ஆகும். சென்னைக்கும் மும்பைக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 1,000 கி.மீ. தொலைவு உள்ளது. கண்ணாடி இழை வடத்தில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் செல்கிறது. எனவே ஒரு செய்தி மும்பையிலிருந்து சென்னைக்கு வரக் குறைந்தது 5 மில்லிநொடியும், சென்று திரும்ப 10 மில்லிநொடியும் ஆகும். வடங்கள் நேர்கோட்டில் செல்வதில்லை என்பதால் உண்மையான நேரம் இதைவிடக் கூடுதலாகும். இத்தாமதத்தை எந்த நிரலாளராலும் நீக்க முடியாது. ஆனால் மோசமாக எழுதப்பட்ட மென்பொருள், செய்தி கணினிக்குள் வந்து சேர்ந்தபின் 500 மில்லிநொடியை வீணாக்கிவிடக்கூடும். நிரலாளரின் கையில் உள்ளது இந்த இரண்டாவது தாமதமே.

மனிதர் தலையீடின்றித் தானே ஆணையிடும் கணினிகள் சந்தையின் தரவு மையத்துக்குள்ளேயே வைக்கப்பட்டு, மில்லிநொடியிலும் சிறிய கூறுகளில் போட்டியிடுகின்றன. மனிதர் பார்த்து முடிவெடுக்கும் முனைய மென்பொருள் அந்தப் போட்டியில் இல்லை. பார்ப்பவருக்கு உண்மையான விலையைக் காட்டுவதும், அவர் இட்ட ஆணையைத் தடையின்றி அனுப்புவதுமே அதன் வேலை.

ஒரு விலை கடந்துவரும் பாதை

சந்தையில் ஒரு பங்கின் விலை மாறியதிலிருந்து அது பயனரின் கண்ணில் படும்வரை பின்வரும் படிகள் உள்ளன.

1. சந்தையின் கணினி விலை மாற்றத்தைச் செய்தியாக அனுப்புகிறது.
2. தரகு நிறுவனத்தின் சர்வர் அதனைப் பெற்றுப் பயனர்களுக்குப் பகிர்கிறது.
3. பயனரின் கணினியில் உள்ள மென்பொருள் அச்செய்தியைப் பிரித்துப் படிக்கிறது.
4. அப்பங்கைச் சார்ந்த மற்ற கணக்குகள், எடுத்துக்காட்டாக லாப நட்டம், மாற்றி எழுதப்படுகின்றன.
5. திரையில் உரிய கட்டம் மீண்டும் வரையப்படுகிறது.

இவற்றுள் கடைசி மூன்றும் பயனரின் கணினியில் நிகழ்பவை. ஒரு செய்திக்கு இம்மூன்று படிகளும் மிகக் குறைந்த நேரமே எடுக்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் செய்திகள் வரும்போதுதான் சிக்கல் எழுகிறது.

ஒற்றை இழைச் சிக்கல்

கணினி ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்வதற்காக ஒரு மென்பொருளைப் பல இழைகளாகப் பிரித்து இயக்குகிறது. இழை என்பது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யப்படும் கட்டளைகளின் ஓட்டம் ஆகும். விண்டோஸ், மேக் முதலிய இயங்குதளங்களில் திரையை வரைவதும், சுட்டியின் சொடுக்கையும் விசைப்பலகையின் அழுத்தத்தையும் பெறுவதும் வழக்கமாக ஒரே இழையில் நடைபெறுகின்றன. இது இடைமுக இழை எனப்படும்.

ஒரே ஓர் அலுவலர் உள்ள அஞ்சலக முகப்பை இதற்கு ஒப்பிடலாம். அஞ்சல் தலை வாங்க வந்தவரும், பதிவுத் தபால் அனுப்ப வந்தவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். அந்த அலுவலரிடமே பின்னறையில் உள்ள மூட்டைகளைப் பிரிக்கும் வேலையையும் கொடுத்தால், முகப்பில் நிற்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். அதுபோலவே, இடைமுக இழையில் செய்திகளைப் பிரித்துப் படித்தல், கோப்பில் எழுதுதல், சர்வரின் பதிலுக்குக் காத்திருத்தல் போன்ற வேலைகளைச் செய்தால், பயனரின் சொடுக்கு கவனிக்கப்படாமல் நிற்கும். விண்டோஸ் இயங்குதளத்தில் ஒரு சாளரம் 5 நொடிகளுக்கு எச்செய்தியையும் ஏற்காவிட்டால், அது பதிலளிக்கவில்லை என்று தலைப்பில் காட்டப்படுகிறது. பங்கு வணிகத்தில் 5 நொடி மிக நீண்ட நேரம்.

இதற்கான தீர்வு வேலைப் பிரிவினை ஆகும். வலையமைப்பிலிருந்து செய்திகளைப் பெறுவது ஓர் இழைக்கும், அவற்றைப் பிரித்துக் கணக்கிடுவது வேறோர் இழைக்கும் ஒப்படைக்கப்படுகின்றன. இடைமுக இழை, தயாராக உள்ள எண்களைத் திரையில் வரைவதையும் பயனரின் ஆணையைப் பெறுவதையும் மட்டும் செய்கிறது.

காத்திருப்பு வரிசையும் பழைய விலையும்

வேலையைப் பிரித்தபின், ஓர் இழையிலிருந்து மற்றோர் இழைக்குச் செய்திகளை ஒப்படைக்க வேண்டும். எளிதாகத் தோன்றும் வழி, வரும் செய்திகளையெல்லாம் ஒரு காத்திருப்பு வரிசையில் வைத்து, இடைமுக இழை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வரைவதாகும். இம்முறையில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது.

எடுத்துக்காட்டாக, நொடிக்கு 2,000 செய்திகள் வருவதாகவும், இடைமுக இழையால் நொடிக்கு 1,500 செய்திகளை மட்டுமே வரைய முடிவதாகவும் கொள்வோம். ஒவ்வொரு நொடியும் 500 செய்திகள் தேங்கும். ஒரு நிமிடத்தில் தேக்கம் 30,000 ஆகிவிடும். அந்த 60 நொடிகளில் வரையப்பட்டவை 90,000 செய்திகள். அவற்றுள் கடைசிச் செய்தி வந்து சேர்ந்தது 45-ஆவது நொடியில். அதாவது, 60-ஆவது நொடியில் பயனர் பார்ப்பது 15 நொடிகளுக்கு முந்தைய விலையை.

இந்நிலையில் மென்பொருள் உறைந்ததுபோலத் தோன்றாது. எண்கள் மாறிக்கொண்டே இருக்கும்; பச்சையும் சிவப்பும் மின்னிக்கொண்டே இருக்கும். எல்லாம் சரியாக இயங்குவதாகவே பயனர் நம்புவார். உறைந்த திரையைக் கண்டவர் எச்சரிக்கையாகிவிடுவார். ஓடிக்கொண்டிருக்கும் பழைய திரையைக் கண்டவர் அதனை நம்பி ஆணையிடுவார். 1929-இன் காகித நாடாவில் நிகழ்ந்தது, கணினித் திரையில் மீண்டும் நிகழ்வதற்கு இதுவே வழி. இத்துறையில் உறைந்த திரையைவிடப் பிந்திய திரை கூடுதல் ஆபத்தானதாகக் கருதப்படுவதற்கும் இதுவே காரணம்.

விலைகளைத் தொகுத்துக் காட்டுதல்

தேக்கத்தைத் தவிர்க்க, செய்திகளை வரிசையில் வைப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு பங்குக்கும் ஒரே ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. புதிய விலை வந்தால் அவ்விடத்தில் உள்ள பழைய விலையின் மேல் எழுதப்படும். இடைமுக இழை குறிப்பிட்ட இடைவெளியில், எடுத்துக்காட்டாக 100 மில்லிநொடிக்கு ஒருமுறை, மாறியுள்ள இடங்களை மட்டும் படித்து வரைகிறது. இடையில் ஒரு பங்கின் விலை 40 முறை மாறியிருந்தாலும் கடைசி விலை மட்டுமே வரையப்படும். கரும்பலகையில் அழித்து எழுதுவதைப் போன்றது இது.

இம்முறையில் தேக்கம் ஒருபோதும் பங்குகளின் எண்ணிக்கையைத் தாண்டாது. 200 பங்குகளைக் கவனிக்கும் பயனருக்கு, சந்தை எவ்வளவு பரபரப்பாக இருந்தாலும், ஒரு சுற்றில் அதிகபட்சம் 200 வரிகளை வரைந்தால் போதும். திரையில் தெரிவது எப்போதும் அண்மைய விலையாகவே இருக்கும். மனிதக் கண்ணால் நொடிக்குப் பத்துக்கு மேற்பட்ட எண் மாற்றங்களைப் படித்து உணர்வது கடினம் என்பதால், பயனர் இதனால் எதையும் இழப்பதில்லை.

நிதித் துறையில் பரவலாகப் பயன்படும் மைக்ரோசாப்ட் எக்செல் மென்பொருளிலும் இத்தகைய கட்டுப்பாடு உள்ளது. 2002-ஆம் ஆண்டுப் பதிப்பில் அறிமுகமான ஆர்டிடி என்ற செயற்கூறு வெளியிலிருந்து வரும் விலைகளைப் பணித்தாளில் காட்டுகிறது. மாற்றி அமைக்காவிட்டால் அது 2,000 மில்லிநொடிக்கு ஒருமுறை மட்டுமே புதுப்பிக்கிறது. இதை அறியாதவர்கள் எக்செல் தாளில் தெரியும் விலையை அக்கணத்து விலையாகக் கொள்வதுண்டு.

தொகுத்தலில் ஒரு விதி கவனிக்கத்தக்கது. அன்றைய உச்ச விலை, தாழ்ந்த விலை, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு செய்தியும் தேவை. இடைப்பட்ட ஒரு கணத்தில் தோன்றிய உச்ச விலை, தொகுத்தபின் காணாமல் போய்விடும். எனவே இக்கணக்குகள் தொகுப்பதற்கு முன்னரே, கணக்கிடும் இழையில் முடிக்கப்படுகின்றன. விலை வரைபடங்களுக்கும் இதே விதி பொருந்தும்.

திரையை வரைதல்

எண்களை மாற்றுவதைவிட அவற்றை வரைவதற்கே கூடுதல் நேரம் ஆகிறது. இதனைக் குறைக்கச் சில வழிகள் பின்பற்றப்படுகின்றன.

* கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் வரைதல். பட்டியலில் 2,000 பங்குகள் இருந்தாலும் திரையில் 40 மட்டுமே தெரியும் எனில், அந்த 40 வரிகளே உருவாக்கப்படுகின்றன. பயனர் பட்டியலை உருட்டும்போது அதே வரிகளில் வேறு எண்கள் நிரப்பப்படுகின்றன.
* மாறிய கட்டத்தை மட்டும் வரைதல். ஒரு பங்கின் விலை மாறினால் முழு அட்டவணையும் மீண்டும் வரையப்படுவதில்லை.
* கட்டங்களின் அகலத்தை நிலையாக வைத்தல். 99.95 என்ற விலை 100.05 ஆகும்போது கட்டம் விரிந்தால், பக்கத்தில் உள்ள அனைத்தும் இடம்பெயர்த்து அளக்கப்பட வேண்டியிருக்கும்.
* நிழல், அசைவு போன்ற அலங்காரங்களைத் தவிர்த்தல்.

வரைதலில் விரைவோடு நிலைத்தன்மையும் தேவை. விலையின் அடிப்படையில் பட்டியலை ஒவ்வொரு கணமும் மறுவரிசைப்படுத்தினால், பயனர் ஒரு பங்கின்மேல் சொடுக்கும் நேரத்தில் அவ்விடத்தில் வேறொரு பங்கு வந்துவிடும். சந்தை ஆழம் எனப்படும் விலை ஏணியில் இது பெரிய இழப்பை ஏற்படுத்தக்கூடியது. வாங்க விரும்புவோரும் விற்க விரும்புவோரும் கேட்கும் விலைகளை இந்த ஏணி படிப்படியாகக் காட்டுகிறது. சிறந்த விலையை எப்போதும் ஒரே இடத்தில் காட்டும் முறையில், சந்தை நகரும்போது அந்த இடத்தில் உள்ள எண் மாறிவிடும். பயனர் ஒரு விலையை எண்ணிச் சொடுக்க, ஆணை வேறொரு விலைக்குச் சென்றுவிடும். இதற்கு மாற்றாக, விலைகளை நிலையான அச்சில் வைத்து, ஆணைகளின் எண்ணிக்கையை மட்டும் நகர்த்தும் முறை உருவானது. சிகாகோவின் டிரேடிங் டெக்னாலஜீஸ் நிறுவனம் இதற்கு 2004-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது.

நிறங்களுக்கும் ஒரே பொருள் இல்லை. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் விலை ஏற்றம் பச்சையிலும் இறக்கம் சிவப்பிலும் காட்டப்படுகின்றன. சீனாவிலும் ஜப்பானிலும் ஏற்றமே சிவப்பு. சிவப்பு பச்சை வேறுபாட்டைக் காண இயலாத பயனர்களுக்காக அம்புக்குறியோ, கூட்டல் கழித்தல் குறியோ உடன் சேர்க்கப்படுகிறது.

நினைவக மேலாண்மை

ஜாவா, சி ஷார்ப் போன்ற நிரல்மொழிகளில், பயன்படுத்தி முடிந்த நினைவக இடங்களை மொழியின் இயக்க அமைப்பே தேடி மீட்கிறது. இது குப்பை சேகரிப்பு எனப்படும். நிரலாளரின் சுமையை இது குறைக்கிறது. ஆனால் சேகரிப்பின் சில கட்டங்களில் மென்பொருளின் மற்ற இழைகள் நிறுத்தப்படுகின்றன. ஒவ்வொரு விலைச் செய்திக்கும் புதிய நினைவக இடம் எடுத்தால், செய்திகள் குவியும் நேரத்திலேயே குப்பையும் குவிந்து, சேகரிப்பும் அடிக்கடி நிகழும்.

இதனைத் தவிர்க்க, தேவையான இடங்கள் மென்பொருள் தொடங்கும்போதே எடுக்கப்பட்டு, திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்படுகின்றன. வளைய வடிவில் அமைந்த, குறிப்பிட்ட அளவுள்ள வரிசை இதற்கு உதவுகிறது. கடைசி இடம் நிரம்பியதும் மீண்டும் முதல் இடத்துக்கு வந்து எழுதலாம். இலண்டனின் எல்மேக்ஸ் சந்தை நிறுவனம் இக்கருத்தில் உருவாக்கிய 'டிஸ்ரப்டர்' என்ற நிரல் தொகுதியை 2011-இல் திறந்த மூலமாக வெளியிட்டது. அது சந்தையின் சர்வருக்காக எழுதப்பட்டது என்றாலும், அதன் அடிப்படைக் கருத்து முனைய மென்பொருளுக்கும் பொருந்துகிறது.

விலைச் செய்தியும் ஆணைச் செய்தியும்

முனைய மென்பொருளைக் கடந்து செல்லும் செய்திகள் இருவகை. சந்தையிலிருந்து வரும் விலைச் செய்திகள் ஒருவகை. பயனர் அனுப்பும் ஆணைகளும் அவற்றுக்கான பதில்களும் மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் விதிகள் நேர்மாறானவை.

விலைச் செய்தியில் இடைப்பட்டவற்றை விட்டுவிடலாம். அண்மையது கிடைத்தால் போதும். ஆணைச் செய்தியில் ஒன்றைக்கூட விட முடியாது, வரிசையையும் மாற்ற முடியாது. 100 பங்குகள் வாங்க ஓர் ஆணையும், பின்னர் அதனை நீக்க மற்றோர் ஆணையும் அனுப்பப்பட்டால், இரண்டும் அதே வரிசையில் சென்று சேர வேண்டும். இதனால் இவ்விரு வகைகளும் தனித்தனி வழிகளில் கையாளப்படுகின்றன. விலைச் செய்திகளின் நெரிசலில் ஆணை சிக்கிக்கொள்ளக் கூடாது.

ஆணைகளைப் பரிமாறுவதற்கு 1992-ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவந்த ஃபிக்ஸ் என்ற நெறிமுறை உலகெங்கும் பயன்படுகிறது. இதில் ஒவ்வொரு செய்திக்கும் தொடர் எண் உண்டு. 57-க்குப் பின் 59 வந்தால், 58-ஐ மீண்டும் அனுப்புமாறு கேட்கலாம். ஒவ்வோர் ஆணைக்கும் தனி அடையாள எண்ணும் உண்டு.

ஆணை அனுப்பிய கணத்தில் இணைப்பு அறுந்துவிட்டால், அது சந்தையை அடைந்ததா இல்லையா என்பது மென்பொருளுக்குத் தெரியாது. அடையவில்லை என்று கருதி மீண்டும் அனுப்பினால், ஒரே ஆணை இருமுறை நிறைவேறக்கூடும். எனவே நல்ல மென்பொருள் அந்த ஆணையை 'நிலை தெரியவில்லை' எனக் காட்டி, இணைப்பு மீண்டதும் அடையாள எண்ணைக் கொண்டு விசாரித்து நிலையைச் சரிசெய்கிறது. பயனர் பொத்தானை அழுத்தியவுடன் மறுமொழி காட்டுவது தேவை. ஆனால் 'அனுப்பப்பட்டது', 'சந்தை ஏற்றது', 'நிறைவேறியது' என்ற மூன்று நிலைகளையும் வேறுபடுத்திக் காட்டுவது அதைவிடத் தேவையானது. வேகமாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக, அனுப்பியதையே நிறைவேறியதாகக் காட்டுவது பயனரை ஏமாற்றுவதாகும்.

தவறான ஆணைகளைத் தடுத்தல்

விரைவான மென்பொருளில் தவறும் விரைவாக நிகழும். 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 8 அன்று ஜப்பானின் மிசூஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தில், ஜே-காம் என்ற நிறுவனத்தின் 1 பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டிய ஆணை, 6,10,000 பங்குகளை 1 யென்னுக்கு விற்கும் ஆணையாக உள்ளிடப்பட்டது. அந்நிறுவனம் வெளியிட்டிருந்த மொத்தப் பங்குகளே ஏறத்தாழ 14,500 மட்டும். திரையில் எச்சரிக்கை தோன்றியும் அது பொருட்படுத்தப்படவில்லை. ஆணையை நீக்க மேற்கொண்ட முயற்சியையும் தோக்கியோ பங்குச் சந்தையின் கணினி ஏற்கவில்லை. இழப்பு ஏறத்தாழ 4,000 கோடி யென்.

இந்நிகழ்விலிருந்து மென்பொருள் வடிவமைப்பாளர்கள் பெறும் பாடங்கள் சில உள்ளன. ஒவ்வோர் ஆணைக்கும் எச்சரிக்கை காட்டினால், பயனர் படிக்காமலேயே அதனை மூடப் பழகிவிடுவார். எனவே வழக்கமான ஆணைகள் தடையின்றிச் செல்லவும், அளவிலோ விலையிலோ வழக்கத்தை மீறியவை மட்டும் நிறுத்தப்படவும் வேண்டும். மிகப் பெரிய மீறலுக்கு எச்சரிக்கை போதாது. ஆணை மறுக்கப்பட வேண்டும். இச்சோதனைக்கு ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரமே போதும் என்பதால், வேகத்தைக் காரணம் காட்டி இதனைத் தவிர்க்க வேண்டியதில்லை.

இந்தியாவில் பல முனையங்களில் எஃப் 1 விசை வாங்கும் படிவத்தையும், எஃப் 2 விசை விற்கும் படிவத்தையும் திறக்கின்றன. அடுத்தடுத்துள்ள இவ்விசைகளில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அழுத்துவது எளிது. இரு படிவங்களும் வெவ்வேறு பின்னணி நிறத்தில் திறப்பது இத்தவறைக் குறைக்கிறது.

எண்களின் துல்லியம்

கணினி பின்ன எண்களை இரும முறையில் வைத்திருப்பதால், 0.1 போன்ற எண்களைத் துல்லியமாகக் குறிக்க இயலாது. வழக்கமான மிதவைப்புள்ளி முறையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 கிடைக்கும். பல ஆயிரம் கணக்குகளுக்குப் பின் இச்சிறு பிழைகள் சேர்ந்து, இரு விலைகள் சமமா என்ற ஒப்பீட்டையே தவறாக்கக்கூடும். எனவே 245.35 ரூபாய் என்பது 24,535 பைசா என முழு எண்ணாகவே வைத்துக்கொள்ளப்பட்டு, திரையில் காட்டும்போது மட்டும் ரூபாயாக மாற்றப்படுகிறது. முழு எண் கணக்கு விரைவானதும் ஆகும்.

பழைய விலையை அறிவித்தல்

எவ்வளவு நன்றாக எழுதினாலும் இணைப்பு சில நேரங்களில் அறுந்துபோகும். விலை வராததற்கு இரு காரணங்கள் இருக்கலாம்: அந்தப் பங்கில் வணிகமே நடைபெறவில்லை, அல்லது செய்தி வந்து சேரவில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்துவதற்காக, விலை மாறாத நேரத்திலும் சர்வர் ஓரிரு நொடிகளுக்கு ஒருமுறை 'இணைப்பு உள்ளது' என்ற சிறு செய்தியை அனுப்புகிறது. இது இதயத்துடிப்புச் செய்தி எனப்படும். அது நின்றால், மென்பொருள் விலைகளைச் சாம்பல் நிறமாக்கியோ, கடைசியாக வந்த நேரத்தைக் காட்டியோ பயனரை எச்சரிக்கிறது. சந்தை அனுப்பிய நேரமும் கணினியின் நேரமும் ஒப்பிடப்பட்டு, தாமதம் திரையின் ஓரத்தில் காட்டப்படுவதும் உண்டு.

அளவீடும் சோதனையும்

தாமதத்தைச் சராசரியால் அளப்பது தவறான நம்பிக்கையைத் தரும். 1,000 சொடுக்குகளில் 990-க்கு 5 மில்லிநொடியும், 10-க்கு 800 மில்லிநொடியும் ஆனதாகக் கொண்டால், சராசரி 13 மில்லிநொடிக்கும் சற்றுக் குறைவு. கேட்பதற்கு இது சிறப்பாகத் தோன்றும். ஆனால் அந்தப் பத்துச் சொடுக்குகளும் பெரும்பாலும் சந்தை பரபரப்பாக இருந்த கணங்களிலேயே நிகழ்ந்திருக்கும். எனவே நூற்றில் 99 சொடுக்குகள் எத்தனை மில்லிநொடிக்குள் முடிந்தன, மிக அதிகத் தாமதம் எவ்வளவு என்ற இரண்டும் சராசரியுடன் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன.

சோதனைக்காக, பரபரப்பான ஒரு நாளின் செய்திகள் முழுவதும் கோப்பில் பதிவு செய்யப்பட்டு, மென்பொருளுக்கு மீண்டும் ஊட்டப்படுகின்றன. இந்தியச் சந்தையில் காலை 9.15 மணிக்கு வணிகம் தொடங்கும் முதல் நிமிடங்களும், நிதிநிலை அறிக்கை, தேர்தல் முடிவு ஆகியவை வெளியாகும் நாள்களும் இதற்கு ஏற்றவை. அதே செய்திகளை இருமடங்கு, ஐந்து மடங்கு வேகத்தில் ஊட்டி, எந்த வேகத்தில் திரை பிந்தத் தொடங்குகிறது என்று கண்டறியப்படுகிறது. காலை முதல் மாலை வரை நிறுத்தாமல் இயக்கி, நினைவகப் பயன்பாடு கூடிக்கொண்டே போகிறதா என்றும் பார்க்கப்படுகிறது. உருவாக்குநரின் புதிய கணினியில் மட்டுமின்றி, பயனர்களிடம் உள்ள சாதாரணக் கணினியிலும் இச்சோதனைகளை நடத்துவது வழக்கம்.

நிரல்மொழிகளும் கருவிகளும்

முனைய மென்பொருள்கள் சி பிளஸ் பிளஸ், ஜாவா, சி ஷார்ப் ஆகிய மொழிகளில் பெரிதும் எழுதப்படுகின்றன. இடைமுகத்துக்குக் க்யூட், ஸ்விங், விண்டோஸ் ஃபார்ம்ஸ், 2006-இல் வெளிவந்த டபிள்யூபிஎஃப் ஆகிய கருவித்தொகுதிகள் பயன்படுகின்றன. அண்மைக் காலத்தில் இணையத் தொழில்நுட்பங்களைக் கொண்டு மேசைக்கணினி மென்பொருள் எழுத உதவும் எலக்ட்ரான் தொகுதியும் இடம்பெறுகிறது. இது உருவாக்கும் வேலையை எளிதாக்கினாலும் நினைவகத்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது.

மொழியின் தேர்வைவிட அமைப்பின் தேர்வே பெரும்பாலும் விளைவைத் தீர்மானிக்கிறது. விரைவான மொழியில் எழுதப்பட்டு, எல்லாச் செய்திகளையும் இடைமுக இழையில் வரிசையாக வரையும் மென்பொருள் நெருக்கடியில் பிந்திவிடும். வேலையை இழைகளுக்குப் பிரித்து, விலைகளைத் தொகுத்து, ஆணைகளைத் தனி வழியில் அனுப்பும் மென்பொருள், சற்று மெதுவான மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் அதே நெருக்கடியில் நடப்பு விலையைக் காட்டும்.